மூன்றாவது பலகையில் ஒரு ஓட்டை

ஜனவரி 4, வியாழன்

இன்றைய பேச்சாளர் பூனாவிலிருந்து வந்தவர். ஒரு மணி நேரம் பேசச் சொன்னால் ஒன்றே முக்கால் மணி நேரம் பேசினார். பஜ்ஜி ஆறிப்போய் ரப்பராகிவிட்டது. எல்லோரும் என்னை முறைத்தார்கள், அவரை நான்தான் பெற்று வளர்த்த மாதிரி.

மூன்று வருடமாக இந்த வியாழக்கிழமைக் கருத்தரங்கை நடத்துவது நான். நடத்துவது என்றால் மின்னஞ்சல் அனுப்புவது, போஸ்டர் ஒட்டுவது, நான்கு கரும்பலகைகளையும் ஈரத்துணியால் துடைப்பது, கேன்டீனில் டீக்குச் சொல்வது, வந்தவரை இரண்டு வரியில் அறிமுகம் செய்வது. போஸ்டரில் 'எண்கோட்பாடும் இயற்கணித வடிவியலும்' என்று கொட்டை எழுத்தில் போடுவேன். வருகிறவர்களில் பாதிப் பேர் பஜ்ஜிக்கு வருகிறவர்கள். மீதிப் பேரில் வாய் திறந்து கேள்வி கேட்பது நான் ஒருத்திதான். நான் கையைத் தூக்கினாலே பின்வரிசையில் முபாரக் "ஆரம்பிச்சுட்டா" என்பான். அவனும் ஆராய்ச்சி மாணவன்தான், வந்த நாள் முதல் ஒரு கேள்வி கேட்டதில்லை.

டீ குடிக்கும்போது என் ஆய்வு வழிகாட்டி புருஷோத்தமன் சார் ஒரு விஷயம் சொன்னார். பிப்ரவரி 15 அன்று ஜெர்மனியிலிருந்து பேராசிரியர் லிண்ட்னர் வருகிறார். அவரிடம் இரண்டு வருட ஆராய்ச்சி வேலை ஒன்று காலியாக இருக்கிறது. அன்றைய கருத்தரங்கில் நம் ஆள் ஒருவரைப் பேச வைத்து, கேட்டுவிட்டு முடிவு செய்வாராம். படிப்பு முடிய இன்னும் நாள் இருந்தால் அங்கே இருந்தே ஆய்வேட்டை முடித்துக்கொள்ளலாமாம்.

"யார் பேசறதுன்னு பொங்கல் கழிச்சு சொல்றேம்மா."

இதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது? ஐந்தாம் வருடத்தில் இருப்பது நான். மார்ச்சோடு உதவித்தொகை நிற்பதும் எனக்குத்தான். மார்ச்சுக்குப் பிறகு விடுதி அறையும் கிடையாது.

ஜனவரி 16, செவ்வாய்

பொங்கலுக்குக் காரைக்குடி வீட்டில் மூன்று நாள். சாப்பிட்டேன், தூங்கினேன். ஆத்தாவிடம் ஜெர்மனி விஷயத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"கெடச்சிருச்சாடி?"

"கெடச்ச மாதிரிதான் ஆத்தா."

அவ்வளவுதான். மதியத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. நகைக்கடைக்காரர் வீட்டில் என்னை நிறுத்தி அங்கே குளிர் எப்படி இருக்கும் என்று கேட்டார்கள். நானும் விளக்கமாகப் பதில் சொன்னேன்.

ஜனவரி 18, வியாழன்

பேசப்போவது பெனிலாவாம்.

சார் அறையில் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே கேட்டேன்.

"அவ செகண்ட் இயர் சார்."

"ஆமாம்மா. ஆனா அவகிட்ட இப்ப ஒரு தேற்றம் இருக்கு. நல்ல தேற்றம். உன்கிட்ட..." சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன்னோடது இன்னும் கொஞ்சம் வேகணும் மெய்யம்மை."

வேகணுமாம். ஐந்து வருடமாக அடுப்பில்தானே வைத்திருக்கிறேன்.

வெளியே வந்தால் பெனிலா படிக்கட்டில் நிற்கிறாள். நாகர்கோவில் பெண். வந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது, அதற்குள் கேன்டீன் முதல் டீன் அலுவலகம் வரை இவளைப் பார்த்துச் சிரிக்காத ஆள் கிடையாது. "அக்கா, எனக்குப் பயமாட்டு இருக்கு. நீங்கதான் பேச வேண்டியது. நான் சார்ட்ட சொல்லிப் பாத்தேன்ல்லா" என்றாள். சொல்லிப் பார்த்தாளாம். இரக்கம் வேறு.

"நல்லா பேசு" என்றேன். நன்றாகவே சிரித்துக்கொண்டு சொன்னேன் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 19, வெள்ளி

எனக்குப் பொறாமை எல்லாம் இல்லை. நியாயம் என்று ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான்.

ஜனவரி 24, புதன்

அவளுக்குப் போஸ்டர் செய்வதும் நான்தானே. பெயரைப் பெரிதாகப் போட்டேன், பிறகு கொஞ்சம் சின்னதாக்கினேன், பிறகு முபாரக் வந்து "ஏன் எறும்பு சைஸ்ல போட்டிருக்க?" என்றதால் மறுபடி பெரிதாக்கினேன். ஏழு இடத்தில் ஒட்டினேன். லிஃப்டுக்குள் ஒட்டியது கோணலாகப் போய்விட்டது, அதைச் சரி செய்யவில்லை.

சாயங்காலம் அவளுடைய கட்டுரையின் முதல் வரைவை வாசித்தேன். எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறாள், நான் மட்டும் வாசிக்காமல் இருந்தால் அதையும் பேசுவார்கள். முதல் இரண்டு பக்கத்தில் கணக்கை அவள் திருப்பிப் போடும் இடம் ஒன்று வருகிறது. அதை நான்கு தடவை வாசித்தேன். வயிறு எரிந்தது. அந்த இடம் எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றுவதற்கு எல்லா வாய்ப்பும் இருந்தது, அதே புத்தகங்கள், அதே சார். தோன்றவில்லை. மூன்றாவது பக்கத்துக்குப் போக மனசு வரவில்லை.

ஜனவரி 25, வியாழன்

கருத்தரங்கு. கோயம்புத்தூர்க்காரர். மூன்று கேள்வி கேட்டேன், மூன்றாவதுக்கு அவரிடம் பதில் இல்லை. கொஞ்சம் தேவலை போல இருந்தது.

பிப்ரவரி 2, வெள்ளி

எங்கள் துறையில் ஒரு வழக்கம். பெரிய பேச்சுக்கு முன்னால் மாணவர்கள் மட்டும் கூடி ஒத்திகை வைப்போம். பேராசிரியர்கள் யாரும் வரமாட்டார்கள். பேசுகிறவரை நார் நாராகக் கிழிப்போம். உள்ளே கிழிந்தால் வெளியே கிழியாது என்பது கணக்கு. ஓட்டை ஏதாவது கண்ணில் பட்டால் ஒத்திகையிலேயே சொல்லிவிட வேண்டும், சபையில் வைத்துக் கேட்கக் கூடாது. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

இன்று பெனிலாவின் ஒத்திகை. முதல் பலகையில் இரண்டு இடத்தில் குறுக்கிட்டேன். இரண்டாவதில் நான்கு. குறியீடு மாறுகிறது, வேகம் அதிகம், கையெழுத்து கோழி கிளறினது. எல்லாவற்றுக்கும் "சரிக்கா, சரிக்கா" என்று திருத்திக்கொண்டாள்.

மூன்றாவது பலகையில்தான் பார்த்தேன்.

அவள் எடுத்துக்கொண்டது தனி ஒரு வளைகோடு இல்லை, வளைகோடுகளின் ஒரு குடும்பம். அந்த மாதிரி வளைகோட்டில் புள்ளிகளைக் கூட்டலாம், கழிக்கலாம். ஆனால் கூட்டலை ஆரம்பிக்க எங்காவது ஒரு பூஜ்யம் வேண்டும், ஒரு ஆரம்பப் புள்ளி. அவள் குடும்பம் முழுவதற்கும் பொதுவாக ஓர் ஆரம்பப் புள்ளியை எடுத்துக்கொண்டு ஜாம் ஜாம் என்று கூட்டத் தொடங்கிவிட்டாள். அப்படி ஒரு புள்ளி இருக்கிறது என்று யார் சொன்னது? பாடப்புத்தக உதாரணங்களில் எல்லாம் அது இருக்கும். பழகிப்போய், கேட்காமலே எடுத்துக்கொள்வோம். எங்கள் ஆட்களுக்கு மட்டும் வருகிற வியாதி இது. சாருக்கும் கண்ணில் படவில்லை என்றால் பாருங்கள்.

அந்தப் புள்ளி இல்லையென்றால் அதற்குப் பிறகு அவள் எழுதிய எதுவும் நிற்காது.

கை பாதி தூரம் மேலே போனது. நெற்றியைச் சொறிந்துகொண்டு கீழே இறக்கிவிட்டேன்.

பிப்ரவரி 3, சனி

துணி துவைத்தேன். விடுதியில் தண்ணீர் பத்து மணிக்கே நின்றுவிட்டது, பாதித் துணி சோப்போடு கிடக்கிறது.

சொல்லிவிடலாம். திங்கட்கிழமை சொல்லிவிடலாம். இன்னும் நாள் இருக்கிறது.

பிப்ரவரி 6, செவ்வாய்

சொல்லவில்லை. சும்மா சொல்வதற்கு முன் நிச்சயமாகத் தெரிய வேண்டாமா? அந்தத் தேற்றம் தப்பு என்று காட்ட ஓர் உதாரணம் தேடிக்கொண்டிருக்கிறேன். ஆரம்பப் புள்ளியே இல்லாத ஒரு குடும்பம் கிடைத்து, அதில் அவள் சொன்னது பொய்த்துவிட்டால் கதை முடிந்தது. நாளெல்லாம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஐந்து வருடத்தில் என் ஆய்வேட்டுக்காக ஒரு நாளும் இப்படி உட்கார்ந்ததில்லை. மதியச் சாப்பாட்டை மறந்துபோனேன். மெஸ்ஸில் புளியோதரையாம், போகட்டும்.

பிப்ரவரி 8, வியாழன்

ஐந்து குடும்பங்களைச் சோதித்துவிட்டேன். ஆரம்பப் புள்ளி எதிலும் இல்லை. ஆனால் அந்தச் சனியன் பிடித்த தேற்றம் எல்லாவற்றிலும் சரியாகவே வருகிறது. நிரூபணம் தப்பு, விடை மட்டும் சரி. இவளுக்கு எங்கே போனாலும் யோகம்.

இன்றைய கருத்தரங்கில் என்ன பேசினார்கள் என்று தெரியாது. அறிமுகத்தில் பேச்சாளரின் ஊரை மாற்றிச் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

அடேயப்பா!

கிடைத்துவிட்டது. தப்பு என்று காட்டப் போய்ச் சரி என்று காட்டிவிட்டேன்.

ஆரம்பப் புள்ளி இல்லாத ஒவ்வொரு வளைகோட்டுக்கும் ஒரு துணை வளைகோடு உண்டு. அதில் பூஜ்யம் எப்போதும் இருக்கும். கணக்கை அங்கே தூக்கிக்கொண்டு போய்ச் செய்யலாம். சிக்கல் என்னவென்றால், அங்கே செய்த கணக்கை எப்படி இங்கே திருப்பிக் கொண்டுவருவது? மூன்று நாளாக அங்கேதான் மாட்டிக்கொண்டிருந்தேன். இன்று காலை பல் தேய்க்கும்போது தோன்றியது. ஒற்றைப் புள்ளி எதற்கு? இவளுடைய குடும்பத்தில் ஜோடிப் புள்ளிகள் எப்போதும் இருக்கின்றனவே. தனித்தனியாக அவற்றைப் பிடிக்க முடியாது, ஜோடியாகப் பிடித்தால் நிற்கும். எந்தப் புள்ளியையும் இரட்டிப்பாக்கி, அதிலிருந்து அந்த ஜோடியைக் கழித்தால் நேராகத் துணை வளைகோட்டில் போய் இறங்கலாம். வாயில் நுரையோடு அறைக்கு ஓடி வந்து எழுதிப் பார்த்தேன். நிற்கிறது. முடிவில் வரும் எண் கொஞ்சம் பெரிதாகும், அவ்வளவுதான்.

அழகாக இருக்கிறது. ஐந்து வருடத்தில் நான் செய்த ஒரே அழகான காரியம். அது அவளுடைய தேற்றத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. இதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆமாம், பொறாமைதான். இதில் எழுதாமல் வேறு எங்கே எழுதுவது?

திட்டம் இதுதான். வியாழக்கிழமை, மூன்றாவது பலகையில் கையைத் தூக்குவேன். கேட்பேன். அவள் முழிப்பாள். லிண்ட்னர் முழிப்பார். எல்லோரும் முழித்து முடித்த பிறகு, "இப்படிச் செய்யலாமே" என்று எழுந்து போய்ச் சாக்பீஸை வாங்குவேன்.

பிப்ரவரி 14, புதன்

லிண்ட்னர் வந்துவிட்டார். விருந்தினர் இல்லத்தில் வெந்நீர் வரவில்லை என்று மூன்று தடவை போன். பிளம்பரைத் தேடி அலைந்தேன். உயரமான, கூச்ச சுபாவமுள்ள மனிதர். எனக்கு நன்றி சொல்லும்போது நெஞ்சில் கை வைத்துக்கொள்கிறார்.

சாயங்காலம் அறையில் கேள்வியை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு தட்டும் சத்தம்.

"அக்கா... நான் பெனிலா. உள்ள இருக்கியளா?"

மேஜை முழுக்க என் தாள்கள். மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது தடவையும் தட்டினாள். பிறகு செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது.

கடைசி நேரத்தில் தைரியம் சொல்ல ஓர் ஆள் தேடி வந்திருப்பாள். அதற்கு நான்தான் கிடைத்தேனா.

பிப்ரவரி 15, வியாழன்

எழுதிவிடுகிறேன்.

மூன்றரைக்கு ஆரம்பித்தோம். கூட்டம் நிரம்பி வழிந்தது. அறிமுகம் இரண்டு வரிக்குப் பதில் ஒரு வரி பேசினேன். பெனிலா பச்சைச் சுடிதாரில், முதல் பலகையில் கொஞ்சம் நடுக்கம், இரண்டாவதில் சரளம். ஒத்திகையில் நான் சொன்னதால் கையெழுத்து திருந்தியிருந்தது.

மூன்றாவது பலகை. "இந்தப் புள்ளியிலிருந்து ஆரம்பிப்போம்" என்றாள்.

கையைத் தூக்கினேன். பின்னால் முபாரக்கின் முனகல்.

"அந்தப் புள்ளி எங்கேருந்து வந்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

புருஷோத்தமன் சார் முன்னால் சாய்ந்தார். அவர் முகம் மாறுவதைப் பார்த்தேன். லிண்ட்னர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார், பிறகு மெல்லத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்கு. என் உடம்பெல்லாம் இனித்தது.

பெனிலா பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "தெரியல்ல" என்று தமிழில் சொன்னாள். பிறகு ஆங்கிலத்தில், அதை நிரூபிக்காமல் எடுத்துக்கொண்டது தவறு என்றாள். எழுந்துவிடலாம் என்று காலை ஊன்றினேன்.

அவள் அதற்குள் நான்காவது பலகைக்குப் போய்விட்டாள். "ஒருவேளை..." என்றாள். துணை வளைகோட்டை வரைந்தாள். கணக்கை அங்கே தூக்கிக்கொண்டு போனாள். ஒவ்வொரு வரியாக, நின்று நின்று, யோசித்து யோசித்து, நான் நாள் கணக்கில் தவழ்ந்து போன பாதையில் ஐந்தே நிமிடத்தில் நடந்து போகிறாள்! என் தாள்கள் பையில் இருக்கின்றன, இப்போது அவற்றை வெளியே எடுத்தால் அவளைப் பார்த்து எழுதினது போலத்தான் இருக்கும்.

கடைசிப் படியில் நின்றுவிட்டாள். திருப்பிக் கொண்டுவரும் இடம். சாக்பீஸால் பலகையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். தட்டினாள், தட்டினாள். வகுப்பில் பதில் தெரிந்த குழந்தைக்கு நாக்கு துடிக்கும் பாருங்கள்.

"ஜோடியா எடு! ரெட்டிப்பாக்கி ஜோடியைக் கழி!"

நான்தான் கத்தினேன். தமிழில். எழுந்து நின்றிருக்கிறேன், அதுகூடத் தெரியவில்லை.

பெனிலா திரும்பினாள். முகம் பூத்துவிட்டது. "அட ஆமாக்கா!" என்று கடகடவென்று எழுதி முடித்தாள். கைதட்டல் ஓயவே இல்லை. கருத்தரங்கில் யாரும் இப்படித் தட்டி நான் கேட்டதில்லை. லிண்ட்னர் எழுந்து நின்று தட்டினார்.

பஜ்ஜி நன்றாக இருந்ததாம். நான் சாப்பிடவில்லை.

பிப்ரவரி 16, வெள்ளி

வேலை பெனிலாவுக்கு.

சார் கூப்பிட்டுச் சொன்னார். பலகை முன்னால் நின்றுகொண்டு பயப்படாமல் யோசிக்கும் ஆளைத்தான் லிண்ட்னர் தேடுகிறாராம். "உன் யோசனையையும் ரொம்பப் பாராட்டினார். ரெண்டு பேரும் சேர்ந்து கட்டுரை எழுதுங்க. நீ அதையே கடைசி அத்தியாயமா வெச்சு ஆய்வேட்டை முடிச்சுடு. மார்ச்சுக்குள்ள ஆயிடும்."

"சரி சார்."

"இன்னொண்ணு. இது நீங்க ரெண்டு பேரும் முன்னாடியே சேர்ந்து பண்ணின வேலையான்னு கேட்டார். அப்படின்னா ரெண்டு பேரையும் எடுத்துக்க வழி இருக்கு, கூட்டு ஆராய்ச்சிக்கு அவங்க ஊர்ல தனியா நிதி இருக்காம். நான் இல்லைன்னுட்டேன். அங்கேயே தோணினதுதானே?"

"ஆமா சார்" என்றேன். வேறு என்ன சொல்ல?

கணிதக் கட்டுரையில் பெயர்களை ஆங்கில அகரவரிசைப்படிதான் போட வேண்டும். B முதலில் வரும், M பிறகு. அதிலும் அவள்தான் முந்தி.

பிப்ரவரி 18, ஞாயிறு

ஆத்தா போன். "கெடைக்கல" என்றேன். "சாப்டியா?" என்றாள்.

பிப்ரவரி 19, திங்கள்

கட்டுரை எழுத இருவரும் நூலகத்தில் உட்கார்ந்தோம். நான் எழுதுகிறேன், அவள் எழுதவில்லை. பேனாவை மூடி மூடித் திறக்கிறாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டா? ஏசப்பிடாது."

"சொல்லு."

"எனக்கு அந்த ஓட்டை முன்னாடியே தெரியும்."

நான் நிமிர்ந்தேன்.

"ஒத்திகையில மூணாவது போர்டுக்கு அப்புறம் நீங்க வாயே திறக்கல்ல. நீங்க சும்மா இருக்கிற ஆளா? அங்க என்னமோ கிடக்குன்னு ரூமுக்குப் போயித் தேடுனேன். ரெண்டு நாள்ல ஆப்டுட்டு. அன்னையிலேர்ந்து உறக்கமே இல்லக்கா. துணை வளைகோடு வரைக்கும் போய்ட்டேன். கடைசிப் படி மட்டும் வரவே மாட்டேன்னுட்டு."

"அப்ப போர்டுல யோசிச்சு யோசிச்சு எழுதினது?"

தலையைக் குனிந்துகொண்டாள். "நடிப்புதான். நீங்க கேப்பியள்னு தெரியும். கேட்டா தெரிஞ்ச வரைக்கும் போயி நின்னுருவோம், மிச்சத்த நீங்க சொல்லிருவியள்னு நெனச்சேன். உங்களால சொல்லாம இருக்க முடியாதுல்லா."

பளார் என்று ஒன்று விட்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். நூலகர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். அப்படியானால் ஐந்து நிமிடம் இல்லை! இவளும் என்னைப் போலவே தவழ்ந்திருக்கிறாள். தூங்காமல் தவழ்ந்திருக்கிறாள். அப்படியும் கடைசிப் படி வரவில்லை. நான்கு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் எழுந்து போய்விட்டது. எவ்வளவு கேவலமான மனசு, ஆனால் எவ்வளவு நிம்மதி.

"சிரிக்கியளே" என்றாள், கண் கலங்கிக்கொண்டு. "முந்தின நாள் உங்க ரூமுக்கு வந்தேன்க்கா. இதச் சொல்லத்தான். ரெண்டு பேரும் சேந்து செஞ்சதுன்னு, ரெண்டு பேர் பேரும் போட்டுப் பேசிரலாமான்னு கேக்க வந்தேன். தட்டுனேன். நீங்க தொறக்கல்ல."

சிரிப்பு நின்றுவிட்டது.

லிண்ட்னர் கேட்டது அவளுக்குத் தெரியாது. சார் என்னிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறார். என் நாற்காலியிலிருந்து கதவு இரண்டடி. எழுந்து தாழ்ப்பாளை நீக்கியிருந்தால் இரண்டு பேருக்கும் வேலை கிடைத்திருக்கும்.

"தூங்கிட்டேன்" என்றேன்.

"அப்டியா" என்றாள். நம்பினாளா இல்லையா தெரியவில்லை. மேற்கொண்டு கேட்கவில்லை. லிண்ட்னர் கேட்டதை நானும் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள். சாரிடம் ஓடுவாள், நடித்ததையும் சேர்த்துச் சொல்லுவாள், அவள் வேலையும் போகும். அவளுக்காகத்தான் சொல்லவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. கதவைப் பற்றி யாருக்கும் தெரிய வேண்டாம் என்பதுதான் நிஜம்.

ஏப்ரலில் கிளம்புகிறாள். நாளை தி. நகருக்குக் கம்பளிச் சட்டை வாங்கப் போக வேண்டுமாம். நாகர்கோவில்காரிக்குக் கம்பளியைப் பற்றி என்ன தெரியும், நீங்க வந்து பாத்துச் சொல்லுங்கக்கா என்கிறாள். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.